டீ போட்டதற்கு ஒரு வழக்கு

கிளெனிஸ் செய்த குற்றம், வீடு தேடி வந்தவனுக்கு டீ கொடுத்தது. எங்கள் தெருவில் யார் படியேறினாலும் முதலில் கெட்டில்தான் கொதிக்கும். வாடகை உதவியைச் சரிபார்க்க நகரக் கவுன்சில் அதிகாரி வந்த அன்று அவளுக்கு முழங்கால் வீக்கம். வெளியே மழைநீர்க் குழாயில் அடைத்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டெஸ்மண்டைக் கூப்பிட்டு, டீ போடச் சொன்னாள். போட்டான். அந்த அதிகாரி மகராசன் டீயைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அவளும் டெஸ்மண்டும் கணவன் மனைவியாக வாழ்கிறார்களாம். தனியாக இருப்பவளுக்குத்தான் வாடகை உதவியாம், அதனால் நிறுத்தம். பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலை பார்ப்பவள் அவள். அந்த உதவி இல்லாவிட்டால் இருபத்தாறு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"விடு கண்ணு, அவங்களோட யாரு மல்லுக்கட்டுறது?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டுக்காரி நான், பேனாவை எடுத்தேன். மறுபரிசீலனைக்கு எழுதினோம், கவுன்சில் அசையவில்லை. அதற்கும் மேலே, முறையீட்டு மன்றத்துக்குப் போனோம்.

சின்ன அறை. நீதிபதியம்மா சிரிக்கவே இல்லை. அதிகாரி அன்று எழுதிக்கொண்டு போனதை வாசித்தான்.

"கோப்பை எங்க இருக்குன்னு கேக்காமலே எடுத்தாரு. அவங்களுக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னும் கேக்கல. ஞாயித்துக்கிழமை சாப்பாடு அங்கதான். அவரு துணியையும் இவங்கதான் துவைக்கிறாங்க."

கிளெனிஸ் பொங்கிவிட்டாள். "என் குப்பைத்தொட்டிய அவன் வெளிய வைக்கிறான், அவன் சட்டைய நான் துவைக்கிறேன். இதுக்குப் பேரு குடும்பம்னா எங்க தெருவுல பாதிப்பேரு உள்ள போகணும்!"

நீதிபதி டெஸ்மண்ட் பக்கம் திரும்பினார். "நீங்க தனி ஆளு. இவ்வளவு பழக்கம். சேர்ந்து வாழணும்னு நினைச்சதே இல்லையா?"

டெஸ்மண்ட் வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். இந்த மனுஷன் ஏதாவது உளறினால் வீடு போய்விடும்.

"கேட்டேன்" என்றான்.

"எதை?"

"கட்டிக்கிறியான்னு. நாலு வருசம் ஆச்சு. மோதிரம்கூட வாங்கினேன்."

"டெஸ்மண்ட், வேண்டாம்" என்றாள் கிளெனிஸ், மெதுவாக.

"மாட்டேன்னுட்டா மேடம். ஒரு புருஷன்கிட்ட பட்டது போதும், என் வீட்டுல நான் மட்டும்தான்னு சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை வேணா சாப்பிட வான்னா. அதுவாவது கிடைச்சுதேன்னு போனேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்தான். கடைக்காரன் மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட ரசீது. தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. அதிகாரி அதைப் பார்த்துவிட்டுத் தன் ஃபைலை மூடினான்.

அன்று மத்தியானமே தீர்ப்பு. கவுன்சிலின் முடிவு செல்லாது. நான் கத்தியே விட்டேன்.

வாசலில் கிளெனிஸ் தீர்ப்புத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி வறுக்கிறேன். ஒரு மணிக்கு வந்துடு" என்றாள்.

டெஸ்மண்ட் தொப்பியைத் தலையில் மாட்டினான். "இல்ல கிளெனிஸ். நீ மாட்டேன்னது இத்தன நாள் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒண்ணும் நடக்காத மாதிரியே சாப்பிட்டுட்டுப் போயிடுவேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே உன் எதிர்ல உக்கார முடியாது."

எங்களுக்கு முன்னால் நடந்து போய் வேறு பஸ்ஸில் ஏறினான். கிளெனிஸ் தீர்ப்புத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.