வெறுங்கையோடு நடந்தவள்

எங்கள் மலையில் வழியில் ஒருவரைப் பார்த்தால் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்காமல் போவது மரியாதை இல்லை. கேட்பவருக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்க வேண்டும். மிளகுக் கொடி பார்க்க, ரேஷன் வாங்க, சந்தைக்கு, சாவு வீட்டுக்கு என்று ஏதாவது ஒன்று. காரணம் இல்லாமல் ரோட்டில் நடப்பவர் யாரும் இல்லை.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பிறகு கனம் தூக்கக் கூடாது என்றார்கள். காட்டு வேலைக்குப் போவது நின்றது. உடம்பு போட்டது. ஊரில் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. "இப்பத்தான் கண்ணு, பாக்கற மாதிரி இருக்கற" என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போன வருடம் தலைசுற்றி விழுந்தபோது கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை என்றார்கள். எடை குறைய வேண்டும், தினமும் வேகமாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை போதாது, ஊசிக்குப் போக வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரையால்தான் கால் விரலை எடுத்தார்கள். பஸ்ஸில் மலையேறி முடியும் வரை அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு ரோட்டில் நடந்தாள். எதிரில் வந்தவர்கள் வழக்கம்போல் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்திருக்கிறாள். நல்ல சேலையோடு, வெறுங்கையோடு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒரு பெண் வேகமாகப் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள்.

மதியத்துக்குள் அவள் பிறந்த ஊரான வாழவந்தி நாட்டிலிருந்து அவளுடைய அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன மாப்ள, என்ன தகராறு?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான். சும்மா நடந்தா."

"நடந்தாளா? எங்க?"

"எங்கயும் இல்லீங்க. திரும்பி வந்துட்டா."

"திரும்பி வர்றதுக்கு எதுக்குப் போனா?"

பதில் சொல்ல அவளைக் கூப்பிட்டேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அதனால் மட்டும் இல்லை, நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லை. சாப்பிட்டார். கிளம்பும்போது, "கை வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, நல்லா இருக்காது" என்றார்.

அடுத்து அவள் கையில் அரிவாளும் கூடையும் எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். ஆபரேஷன் செய்தவளைப் புல் அறுக்கத் துரத்துகிறான் என்று என்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அதோடு நிறுத்திவிட்டாள். "உங்க பேரு கெடுதுங்க" என்றாள். இல்லை, நீ நட என்று நான் சொல்லியிருக்கலாம். மனதில் இருந்தது, வாயில் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கீழே ஒரு காலேஜிலிருந்து ஆராய்ச்சி செய்ய ஒரு பெண் வந்தார். உடம்பு எடை, உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு இதைப் பற்றியெல்லாம் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் வேலை. பக்கத்தில் வாசலூர்பட்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். வழி காட்ட ஊர்க்காரர்கள் என்னை அனுப்பினார்கள். அதிகம் பேசாத ஆள், வம்பு வராது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி நாள் சமுதாயக் கூடத்தில் பெண்களை உட்காரவைத்துப் பேசினார். நான் கதவோரம் நின்றேன். ஒல்லியிலிருந்து குண்டுவரை பெண் உருவங்கள் வரைந்த படத்தைக் காட்டி, "இதுல யாருக்கா ஆரோக்கியமா இருக்கறது?" என்று கேட்டார்.

முன்வரிசை அம்மா குண்டான உருவத்தைத் தொட்டார். "இந்தப் புள்ளதானுங்க. மாமியா நல்லவ, சோறு போடறா."

ஒரே சிரிப்பு.

"அப்ப இந்த ஒல்லிப் பொண்ணு?"

"அது பாவம். என்ன கவலையோ."

"வயித்துல பூச்சி இருக்கும், மருந்து குடுக்கச் சொல்லுங்க அம்மணி."

உடற்பயிற்சி பற்றிக் கேட்டதும், "காட்டுல குனிஞ்சு நிமுர்ற எங்களுக்கு அது எதுக்குங்க? போட் ஹவுஸுக்குச் சுத்திப் பாக்கக் கார்ல வர்றாங்க பாருங்க, அவங்களைச் செய்யச் சொல்லுங்க" என்று ஒருத்தி சொன்னாள். ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணும் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு, "டாக்டர் நடக்கச் சொன்னவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார்.

என் மனைவி கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பயந்து நான் தரையைப் பார்த்தேன். சேலை உரசும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டாள்.

"எனக்குச் சொன்னாங்க. நடந்தேன். எங்கண்ணன் வந்து எங்க ஊட்டுக்காரரை வைஞ்சுட்டுப் போனாரு. அருவா எடுத்துட்டு நடந்தேன். அதுக்கும் அவரைத்தான் பேசுனீங்க. அவரு என்னை ஒரு சொல்லு சொன்னவரில்ல. உடம்பு போட்டதும் நல்லா இருக்கறேன்னு சொன்னீங்க. எங்கம்மாளையும் அப்படித்தான் சொன்னாங்க. வெரலு போச்சு. நாளையிலருந்து வெறுங்கையோட நடக்கப் போறேன். எங்க போறேன்னு கேளுங்க, வேண்டாங்கல. சும்மா போறேன்னு சொல்லுவேன். கேட்டுட்டு உங்க வேலையப் பாருங்க. எங்கண்ணனுக்குப் போன் பண்ணாதீங்க."

பக்கத்து வீட்டுப் பெண், "போன் பண்ணுனது நாந்தாங்க்கா. பதறிப் போயிட்டேன்" என்றாள். கூடம் அதிரச் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்டிருக்கிறோம். இந்தக் குரலை அவள் எங்கே வைத்திருந்தாள்?

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள். "நானும் வாரேன்" என்றேன்.

"வாங்க. ஆனா நில்லு நில்லுன்னு சொல்லக் கூடாது."

புருஷனும் பெண்டாட்டியும் வேலை இல்லாமல் நடப்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. எங்கு போனாலும் மொபெட்டில் போகிறவன் நான். அவள் நிற்காமல் ஏறினாள். அடுத்த மாதம் ரத்தம் பார்க்க வேண்டும். என்ன வருமோ தெரியாது. ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து எங்கே போனாலும் அவள் என் பின்னால்தான் வந்திருக்கிறாள். அவள் நடந்து போவதைப் பின்னாலிருந்து நான் பார்த்ததே இல்லை. இடது தோளைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து, கையை வீசி, வெட்டவெளியில் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் நடந்தாள். மூச்சு வாங்க நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.