பழைய இன்ஜினுக்குப் புது ஆயில்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பூச்சிமருந்து தெளிக்கும் ஒரு சின்ன விமானத்துக்கு மெக்கானிக். திருமயத்துக்குத் தெற்கே, யுத்த காலத்தில் போட்ட ஓடுதளத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் ஆபீஸ். ஆலங்குடிப் பக்கம் கடலைக் கொல்லைகளில் கம்பளிப்பூச்சி இறங்கினால் விமானம் போகும். ஆட்கள் இரண்டே பேர், பைலட்டும் நானும். அவன் இந்தப் பக்கத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான். ஒரே கேரியரில் சாப்பிட்டோம்.

இன்ஜின் பழசு. வந்த நாளிலிருந்து சாதா ஆயிலில் ஓடியது. எந்த ஆயில் என்பதில் என் பேச்சுதான் முடிவு. எங்கள் வெயிலுக்குக் கனமான ஆயில் வேண்டும். ரொம்பவும் கனத்தால் விடியற்காலை ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஏறாது. வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பேன். நறநறவென்று நெருடினால் அன்றைக்கு விமானம் கிளம்பாது, மேனேஜரே வந்து நின்றாலும் சரி. முன்கோபி என்று மெட்ராஸ் ஆபீஸ் வரை எனக்குப் பெயர்.

அந்த வருஷம் ஒரு ஏஜென்ட் புது ஆயில் டின்கள் சிலவற்றை இறக்கிவிட்டுப் போனான். உள்ளே இருக்கும் அழுக்கைக் கழுவிக்கொண்டே ஓடுமாம். அடிக்கடி மாற்ற வேண்டாமாம். பைலட்டுக்கு ஆசை வந்துவிட்டது. மெட்ராஸுக்குப் புது விமானம் ஒன்று வருவதாகப் பேச்சு. இங்கே புது ஆயிலில் ஓட்டிக் காட்டினால் அது தனக்குக் கிடைக்கும் என்று நினைத்தான்.

“புது இன்ஜினா இருந்தா ஊத்தலாம் தம்பி. இதுல பல வருஷத்துக் கசடு ஒட்டிக் கெடக்கு. மொத்தமாப் பேந்து வந்து ஆயில் போற வழிய அடைச்சிரும். மேல போயி அடைச்சா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிதாண்ணே” என்றான். நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் குன்றாண்டார்கோவிலில் என் மைத்துனன் கல்யாணம். விமானத்தின் அன்றாடப் பதிவேடான லாக் புத்தகத்தில் தினமும் மெக்கானிக் கையெழுத்துப் போடாமல் விமானம் எழும்பக் கூடாது.

“பூச்சி நமக்காக நிக்காதுண்ணே. ரெண்டு நாளைக்குக் கையெழுத்துப் போட்டு வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்” என்றான் அவன்.

செய்யக் கூடாத காரியம். எல்லா மெக்கானிக்கும் செய்ததுதான் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். லாக் புத்தகத்தில் இரண்டு வெற்றுப் பக்கங்களின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கல்யாண வீட்டுக்கே ஆள் வந்தது. பறக்கும்போது இன்ஜின் நின்றுபோய், காய்ந்த கண்மாய் ஒன்றில் விமானத்தை இறக்கியிருக்கிறான். பந்தியிலிருந்து எழுந்து ஓடினேன். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கண்மாய்க் கரையில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகுதான் ஆயில் வடிகட்டியைக் கழற்றினேன். கரிப் பொருக்குகளாக அடைத்துக் கிடந்தது.

“ஆயில மாத்துனீங்களா?” என்றேன். அவன் இறக்கையில் படிந்த புழுதியைத் துடைக்கப் போய்விட்டான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி லாக் புத்தகத்தை என் முன்னால் திருப்பி வைத்தார். மெக்கானிக் சொன்னபடி புது ஆயில் ஊற்றியதாக இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவன் எழுத்து, கீழே என் கையெழுத்து.

“ஆயிலெல்லாம் அண்ணந்தான் பாப்பாங்க சார். நான் அதுல தலையிடுறதே இல்ல” என்றான், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்ட கதையைச் சொன்னேன். அதுவும் குற்றம்தானே என்றார் அதிகாரி. என் லைசென்ஸ் போயிற்று. அவனுடையது போகவில்லை.

வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தான். “அண்ணே, ஒங்களுக்கு லாரி செட்டுலயாவது வேலை கெடைக்கும். பறக்குறத விட்டா எனக்கு என்னண்ணே தெரியும்?”

அவன் சொன்னது உண்மைதான். கண்மாய்க் கரையில் வைத்தே அதைச் சொல்லியிருந்தால், ஆயிலை மாற்றச் சொன்னது நான்தான் என்று நானே அதிகாரியிடம் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை கேட்க அவனுக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.