மூன்றாம் நம்பர் பெட்டியை விற்கப்போன கதை

"என் குதிரை அதுக்குள்ள இருக்கு ஆண்ட்டி. என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்க எப்படி அதை விக்கலாம்?"

கத்தியவன் செந்தில். வயது முப்பத்தொன்று. அரிசி மில்லில் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. 'அது' என்பது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் மூன்றாம் நம்பர் வீடியோ கேம் பெட்டி.

கேம் சென்டர் நடத்துவது ஒரு தொழில். அதை மூடுவது அதைவிடப் பெரிய தொழில். வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ், நெட் சென்டர், டெய்லரிங் என்று எதையோ ஆரம்பித்துவிட்டு, இன்று சொந்த வீட்டுக்குள் கொல்லைப்பக்கமாக நுழைந்துகொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

எங்களுக்கு ஊர் சீர்காழி. மஸ்கட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் நாலு கேம் பெட்டி கொண்டுவந்தார். முன்னறையில் அடுக்கி வைத்துவிட்டு வயலைப் பார்க்கப் போய்விட்டார். கடையில் உட்கார்ந்தது நான். ஆளுக்கொரு போன் வந்ததும் கூட்டம் ஓய்ந்தது. எனக்கும் அந்த அறை வேண்டியிருந்தது. ஜூன் மாதம் அங்கே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்குவதாக முடிவு செய்திருந்தேன். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்த இங்கிலீஷைக் கல்யாணத்துக்குப் பிறகு கேஸ் புக் பண்ணும்போது மட்டும்தான் பேசியிருக்கிறேன். பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்தாயிற்று. பழைய சாமான் எடுக்கும் மயிலாடுதுறை வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. "நாலையும் சேர்த்துக் குடுத்தாத்தான் எடுப்பேன்" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பார்த்துத்தான் செந்தில் வந்து நின்றான்.

குதிரை

விஷயம் இதுதான். ராஜா, படை, கோட்டை என்று ஒரு விளையாட்டு. அதில் நாலாம் பாகம் வரைக்கும் வந்தாகிவிட்டது. ஆனால் அதைச் செய்த கம்பெனிக்காரனுக்குத் திடீரென்று என்ன தோன்றியதோ, ஊரே மறந்துபோன இரண்டாம் பாகத்துக்குப் புதிதாக ஒரு நாட்டைச் சேர்த்து, நெட்டிலேயே இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டான். பழைய ஆட்டத்தை முழுக்க ஜெயித்து முடித்தவர்கள்தான் அந்தப் புது நாட்டுக்குள் கால் வைக்க முடியுமாம். செந்தில் ஜெயித்தது, சேர்த்தது எல்லாம் எங்கள் மூன்றாம் நம்பருக்குள் இருக்கிறது.

"நீ இதை விட்டே பத்து வருஷம் ஆச்சேடா. வீட்டுக்கு ஒண்ணு வாங்கி முதல்லேருந்து ஆடேன்" என்றேன். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னதுபோல என்னைப் பார்த்தான்.

"காலேஜ்ல ரெண்டு அரியர் வெச்சுப் புடிச்ச குதிரை ஆண்ட்டி அது!"

சந்தனம்

இரண்டே நாளில் இன்னும் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் ஒரே பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்தவர்கள்தான். இப்போது மூன்று பேருக்கே பெஞ்ச் முனகுகிறது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஆடி முடிக்கும்வரை பெட்டியை அவர்களில் ஒருவன் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டிஸ்க் வெளியே வராது. காரணம் நான்தான்.

ஒரு ஆயுத பூஜைக்கு கிரைண்டர், மிக்ஸி, ஸ்கூட்டர், பம்புசெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தேன். மற்ற மூன்று பெட்டிக்கும் டிஸ்க் போடுகிற மூடி மேலே இருக்கும். மூன்றாம் நம்பருக்கு மட்டும் முன்பக்கம் வாய் போல ஒரு பிளவு. லட்சணமாக இருக்கிறதே என்று அதன் மேல் தாராளமாகச் சந்தனம் அப்பினேன். உள்ளே வழிந்து, காய்ந்து, இறுகிவிட்டது. அன்றிலிருந்து உள்ளே இருக்கும் டிஸ்க் சுற்றும், படம் வரும், வெளியே மட்டும் வராது.

இப்போது அவசரம் என்பதால் கடைத்தெருவிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "சரி, பெட்டியை அப்படியே மாடிக்காவது தூக்கிடலாமா?" என்றேன். "நகத்தவே கூடாது மேடம், ஆட்டினா டிஸ்க் கீறிடும்" என்றார். பிறகு பிளவில் மூக்கை வைத்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல. பக்திதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிருக்கு."

பட்டு வேட்டி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டு வேட்டியும் நெற்றியில் குங்குமமுமாக ஒருவர் வந்தார். பத்திரிகை வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஃபேனைப் போட்டேன். நேராகப் போய் மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தார். பழைய வாடிக்கையாளர் ரமேஷ். திருக்கடையூரில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். பூ வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதாம். "அது என் ஒய்ஃபோடது ஆண்ட்டி, தொட விட மாட்டா. என் படையெல்லாம் இங்கதானே இருக்கு" என்றார்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. "நீங்களே பேசுங்க ஆண்ட்டி, இது பூக்கடைன்னு சொல்லிடுங்க" என்று என் கையில் திணித்தார். பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்ட் சிஸ்டர்கள் முழங்காலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இது கேம் சென்டர், உன் புருஷன் புது நாட்டுக் கோட்டை வாசலில் நிற்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். இடி விழும் என்று காத்திருந்தேன். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்:

"வடக்கு வாசல்ல போக வேணாம்னு சொல்லுங்க ஆண்ட்டி. நேத்து அங்க நானே நாலு தடவை செத்தேன்."

மடை

விற்பதைப் பற்றி என் வீட்டுக்காரர் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலை வயலிலிருந்து புழுதிக் காலோடு வந்தவர், செந்தில் ஆடுவதை வாசலில் நின்றபடி பார்த்தார். அந்தப் புது நாடு ஓர் ஆற்றின் கடைசியில் இருக்கிறதாம். சண்டை முடிந்ததும் வாய்க்கால் வெட்டிக் குடிகளை உட்கார வைக்க வேண்டுமாம். செந்தில் மேலே உள்ள மடைகளையெல்லாம் திறந்துவிட்டு ஹாய்யாகச் சாய்ந்திருந்தான்.

"என்னப்பா, தலைப்புலயே எல்லாத்தையும் பாயவிட்டுட்ட? கடைமடைக்காரன் என்ன பண்ணுவான்?" என்றார் இவர்.

"அங்க யாரும் இல்ல அங்கிள். ரெண்டே ரெண்டு குடிசைதான்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. எங்கள் வயலும் கடைமடைதான். அணை திறந்து ஆற்றில் பூத்தூவுவதை டிவியில் பார்ப்போம்; அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவர்கள் குறுவை நட்டு முடித்திருப்பார்கள். இரண்டு வருஷம் நாற்று விட்டுக் காத்திருந்து, நாற்று முற்றிப்போய், குறுவையே வேண்டாம் என்று விட்டோம். நாலு பெட்டியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தும் ஒருநாளும் ஒன்றைத் தொட்டறியாத மனுஷன், கால்கூடக் கழுவாமல் செந்திலைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு ரிமோட்டைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு மடையாக அளவு பார்த்து மூடினார். இது அப்படித் திறக்கும், அது இப்படிப் போகும் என்று செந்தில் சொல்லச் சொல்ல, மதியச் சாப்பாடு மடியிலேயே நடந்தது. மூன்றரை மணிக்கு வியாபாரிக்குப் போன் போட்டார். வண்டி எங்கே வருகிறது என்று விசாரிக்கிறார் என நினைத்து, நான் அடுப்படியில் டீக்குப் பால் வைத்தேன்.

"இன்னிக்கு வராதீங்க. கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரட்டும், அப்புறமா வந்து எடுத்துக்கங்க."

ஐந்து மணி வகுப்பு

மறுநாள் திங்கட்கிழமை, வகுப்பின் முதல் நாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் எழுந்து இடத்தை விட்டுடறோம்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து அடித்தது. பதினோரு பிள்ளைகளும் தலைவாரிப் பவுடர் போட்டு வந்து நின்றார்கள். உள்ளே இவர், செந்தில், பேன்ட் சட்டைக்குத் திரும்பிவிட்ட ரமேஷ், இன்னும் நாலு பேர். திரையில் தண்ணீர் கடைசி வரப்புக்கு ஒரு வயல் தள்ளி வந்திருந்தது.

சுவிட்ச் போர்டு என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. கையும் போனது. சாதாரண நாளாயிருந்தால் அணைத்துவிட்டுத்தான் பேசியே இருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இருக்கிற அதே முகம். நிஜத்தில் அவர் சொல்லி ஒரு மடையும் மூடியதில்லை. கையை எடுத்துக்கொண்டேன். இதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

முதல் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், இந்த அங்கிளுங்களும் நம்ம கிளாஸா?"

பாடம் தொடங்கித்தான் ஆக வேண்டும். அனுமதி கேட்டு அறைக்குள் நுழைவது எப்படி என்பதுதான் முதல் பாடம். அதற்கு அறை வேண்டாம், வாசற்படி போதும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கோரஸாகச் சொல்ல வைத்தேன்; ஒரு தலையும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னார்கள், செந்தில் மட்டும் திரும்பாமலேயே ஒரு கையை உயர்த்தி 'உஷ்' என்றான். ஆக, இருபது வருஷம் நானே பெருக்கித் துடைத்த என் சொந்த அறையின் வாசலில், முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சிஸ்டர்கள் மெச்சும்படியான உச்சரிப்பில் நானே கேட்டேன்:

"மே ஐ கம் இன், ப்ளீஸ்?"