மீன் வண்டியும் கல்லுப்பும்

இந்த நாட்டில் உப்பு ஒரு நாளும் உப்பாக இருப்பதில்லை. காலையில் போத்தலைத் திறந்தால் நனைந்து, கட்டிபட்டு, அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடக்கும். கரண்டிக்காம்பால் குத்திக் குத்தித்தான் கறிக்கு எடுக்கவேண்டும். ஒக்லண்டில் மழைக்காலம் பிடித்தால் சுவரும் வேர்க்கிறது, கட்டில் மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கிறது, உடுப்பு மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈரம் போவதில்லை. ஊரில் ஆனையிறவு உப்பு எங்கள் வீட்டு மூலையில் சாக்கோடு வருடக்கணக்கில் கிடந்தது. மாரி ஒரு மாதம் அதை மிரட்டிப் பார்க்கும், பிறகு வெயில் வந்து பழையபடி பரல் பரலாக்கிவிடும். இங்கே வெயிலும் வருகிறதுதான். வந்த காரியம் என்னவென்று தெரியாத விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

உப்பைப் பற்றி என்னோடு ஒருவரும் வாதாட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், ஆனால் உப்பு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஆனையிறவு உப்பளத்தில் இருந்து உப்பு ஏற்றும் லொறி வைத்திருந்தார். உப்பு ஏற்றும் லொறி நாலு வருடத்தில் உக்கிப்போகும் என்பார்கள். எங்கள் லொறி பதினாலு வருடம் ஓடியது. காரணம் அவரும் நானும். சாக்கு இறக்கி வந்தவுடன், சோறு தின்னமுதல், நல்ல தண்ணிக் கிணற்றில் அள்ளி அடிப்பக்கம் முழுதும் அடித்துக் கழுவவேண்டும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணி ஆகாது, அதிலும் உப்பு. பிறகு வெயிலில் காயவிட்டு, நசுக்கிய தென்னமட்டைத் தூரிகையால் கழிவு எண்ணெய் பூசவேண்டும். வண்டியின் முதுகெலும்பு மாதிரி நீளத்துக்கு ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டங்களைச் சேஸி என்பார்கள். அதை அவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நான் எண்ணெய்த் தகரத்தோடு பக்கத்தில் குந்தியிருப்பேன். "இஞ்சை கேள், நல்ல இரும்பு பாடும். செத்த இரும்பு இருமும்" என்பார். கேட்டுக் கேட்டு என் காதும் பழகிவிட்டது. உப்புத் தின்னாத அந்த லொறியைக் கடைசியில் கலவரத்து நெருப்புத் தின்றது. அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை. அதற்கு முதல் வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கனடாவில் இருக்கும் என் மச்சாள் எழுதியிருந்தாள், அங்கே பனி உருகவென்று றோட்டு முழுதும் உப்புப் போடுகிறார்களாம், வாகனங்கள் மூன்று மாரியில் ஓட்டையாகிவிடுகிறதாம். "இங்கே ஒருவரும் போடுவதில்லை, கடலே கொண்டுவந்து போடுகிறது" என்று பதில் எழுதினேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஊர். மேற்குக் காற்று அடித்தால் நியூ லின்னில் எங்கள் யன்னல் கண்ணாடியை நக்கிப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும்.

இந்த ஊரில்தான் என் மகன் யோகன் மீன் ஏற்றுகிறான். ஊரில் கந்தோர் மேசையில் இருந்து எழுதின பிள்ளை. இங்கே வந்து இரண்டு வருடம் விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கி முதுகு போயிற்று. பிறகுதான் ஒரு பழைய யூட் வாங்கினான். முன்னுக்கு இரண்டு பேர் இருக்க, பின்னுக்குச் சாமான் ஏற்றுகிற சின்ன வண்டியை இங்கே யூட் என்பார்கள். விடிய எழும்பித் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக் கடை கடையாக இறக்குவான். மீன் முதலாளியின் நிபந்தனை ஒன்றுதான்: யூட் ஓடவேண்டும். அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம் வண்டியைப் பரிசோதித்து வாரண்ட் என்று ஒரு துண்டு கண்ணாடியில் ஒட்டவேண்டும். துண்டு இல்லையென்றால் அந்த வேலை அடுத்தவனுக்கு, யோகன் மறுபடியும் பெட்டி தூக்க.

ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் நாள் முழுதும் சேஸியில் சொட்டுகிறது. உப்பு லொறிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முதல் நாளே சொன்னேன், ஒவ்வொரு நாளும் கழுவு, காயவிடு, எண்ணெய் அடி என்று. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தார் மாதிரி ஒரு கறுப்புச் சாமானை டின்னில் வாங்கிவந்து, ஈரத்தின் மேலேயே பூசத் தொடங்கினான்.

"தம்பி, காயவிட்டிட்டுப் பூசடா."

"எங்கை அம்மா காயவிடுறது? வெயிலை ஆர் தாறது?"

"அப்ப எண்ணெய் அடி. எண்ணெய் உள்ளுக்குப் போகும். உது மேலைதான் நிக்கும். உப்பை உள்ளுக்கு வைச்சு மூடுறாய்."

"டின்னிலை எழுதியிருக்கம்மா, அஞ்சு வருசத்துக்குப் பயமில்லையெண்டு."

"ஏன், டின்னோ உப்பு லொறி ஓட்டினது?"

அவன் சிரித்துவிட்டு, "ஷில் பி ரைட், அம்மா" என்றான். எல்லாம் சரிவரும் என்பதற்கு இந்த ஊர் ஆட்கள் சொல்லுவது. கூரை ஒழுகினாலும் அதுதான், பஸ் வராவிட்டாலும் அதுதான். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒன்றும் தானாகச் சரிவராது. யாரோ ஒருவர் வாளியோடு குனியவேண்டும்.

இன்னொன்றிலும் அவன் என் சொல்லைத் தட்டினான். யூட் வாங்கிய கிழமை, எங்கள் ஆட்கள் நாலு குடும்பம் வந்து பார்த்து, "யோகன் கெதியாய் முன்னுக்கு வந்திட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். நாவூறுக்கு மனம் தேவையில்லை, நா போதும். ஊரில் எங்கள் லொறியின் முன்பக்கத்தில் கறுப்புத் துணியில் கல்லுப்பும் செத்தல் மிளகாயும் முடிந்து தொங்கும். அதேபோல யூட்டிலும் கட்டினேன். இரண்டாம் நாளே அவிழ்த்துவிட்டான்.

"துறைமுகத்திலை கேக்கிறாங்களம்மா, உதென்ன சாப்பாட்டுப் பொட்டலமோ எண்டு. சிரிக்கிறாங்கள்."

"சிரிக்கட்டும். சிரிச்சால் அவையின்ரை பல்லுத்தானே தெரியும்."

"எனக்கு வெக்கமாய்க் கிடக்கம்மா."

தாயின் கையால் கட்டியது பிள்ளைக்கு வெட்கமாம்.

போன ஓகஸ்டில் வாரண்டுக்குத் தவணை வந்தது. வெள்ளிக்கிழமை யோகன் யூட்டை பென்ரோஸில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரித் தவணை முடிந்து நானும் கூட இருந்தேன். கராஜ்காரன் பெயர் பிரையன். என்னிலும் பத்து வயது இளையவன், ஆகையால் அவன் என்றே எழுதுகிறேன். வண்டியை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தான். இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்த ஒரு வேலையை இன்னொருவர் செய்யப் பார்க்கிறேன். கதிரையை விட்டு எழும்பிக் கிட்டப் போனேன். அவன் கையைக் காட்டி, தள்ளி நில் என்றான். தள்ளி நின்றாலும் காது நிற்குமா?

முன்பக்கத்தில் இருந்து தட்டிக்கொண்டு வந்தான். கிண், கிண், கிண். தாரின் மேல் கொஞ்சம் அமுங்கின சத்தம், ஆனாலும் பாடுகிற இரும்புதான். பின் சில்லுக்குக் கிட்ட வந்தான். டொக். அவன் தாண்டி அடுத்த தட்டுத் தட்டிவிட்டான். "அதிலை, அதிலை" என்று நான் தமிழில் கத்தினேன். அவன் திரும்பி வந்து இன்னொருதரம் தட்டினான். டொக். ஸ்குரூ டிரைவரால் குத்தினான். முழுக் கம்பியும் உள்ளே போனது, வெண்ணெய்க்குள் போவதுபோல.

அந்த நேரம் என் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக இருந்தது: நான் சொன்னேனே, தார் பூசாதே என்று. இரண்டு மாரியாகச் சேர்த்து வைத்திருந்த வசனம். சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அந்த இடம் எது என்று கண்ணில் பட்டது. பின் சில்லுக்கு முன்னால், சேஸியின் பக்கத்தில், வண்டி செய்கிறபோதே விட்டிருந்த, ஒரு கை நுழையக்கூடிய ஓட்டை. வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அது எனக்கு நன்றாகத் தெரிந்த ஓட்டை. யோகன் முடிச்சை அவிழ்த்த அடுத்த வெள்ளிக்கிழமை, ஒருவருக்கும் தெரியாமல் குனிந்து புது முடிச்சை அதற்குள் வைத்தவள் நான். காற்றில் விழாமல் செப்புக் கம்பியும் சுற்றினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் துணி இருந்தது, மிளகாய்க் காம்பு இருந்தது, உப்பைக் காணோம். அப்பனே, நாவூறு இவ்வளவு கடுமையோ, இந்தப் பிடி உப்பையும் தின்றுவிட்டதே என்று பயந்து, அடுத்தமுறை இரண்டு பிடி வைத்தேன். அதுவும் கரைந்தது. பிறகு மூன்று பிடி. லொறியின் முன்னால் தொங்கிய முடிச்சு வெயிலில் காய்ந்து கல்லாய்க் கிடந்ததல்லவா, அந்த நினைப்புத்தான் எனக்கு. சமையலறைப் போத்தலில் தினமும் உப்பு அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தும் இந்தப் புத்திக்கு எட்டவில்லை. உப்பை அறிந்தவள் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவள், பிள்ளையின் வண்டிக்குள் என் கையாலேயே உப்பை ஊட்டியிருக்கிறேன்.

பிரையன் கையை விட்டு முடிச்சை இழுத்து எடுத்தான். துருத் தண்ணீர் ஒழுகியது. மணந்து பார்த்தான். விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான். பிறகு யோகனிடம் மெதுவாக, இரகசியம் கதைப்பதுபோல ஏதோ கேட்டான். யோகனின் முகம் வெளுத்துப்போயிற்று. அவனுக்குத் துணியைக் கண்டவுடனேயே விளங்கியிருக்கும்.

"என்ன சொல்லுறான்?" என்றேன்.

"ஆரோ வேணுமெண்டு உப்பு வைச்சிருக்கிறாங்களாம். உனக்கு ஆர் எதிரி எண்டு கேக்கிறார்."

"நான்தான் எண்டு சொல்லு."

"அம்மா..."

"சொல்லடா. பொய் சொல்லி என்ன கிடக்கு?"

யோகன் என்ன சொன்னானோ தெரியாது, பிரையன் என்னை ஏறிட்டுப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தாயோடு சண்டை பிடிக்காதே, நல்லபடி நடந்துகொள் என்று யோகனுக்குப் புத்தியும் சொன்னானாம். நான் கோபத்தில்தான் வைத்தேன் என்று இன்றைக்கும் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். கண்டால் விரலை ஆட்டிப் பயமுறுத்துகிறான். காப்பாற்றத்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்கு அவன் பாஷை இல்லை. யோகனிடம் சொல்லச் சொன்னால், "விடுங்கோ அம்மா, உதை விளங்கப்படுத்தேலாது" என்கிறான். பிள்ளைக்குக் கெடுதல் செய்த தாய் என்று ஒரு மனிதன் நினைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிரையன் யூட்டை ஓட்டக்கூடாது என்று அங்கேயே நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை விடியத் துறைமுகத்தில் நிற்காவிட்டால் வேலை போய்விடும். யோகன் கெஞ்சியதில், சனிக்கிழமை வெட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னான். நாங்கள் ரயிலில் வீடு திரும்பினோம். நியூமார்க்கெட்டில் இறங்கி அடுத்த வண்டிக்கு நிற்கும்போது யோகன் கேட்டான்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் எடுத்து எறிஞ்சிருப்பாய்."

"ஓம், எறிஞ்சிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

"முடிச்சை அவிழ்க்கமுதல் நானும் உங்களோடை ஒரு சொல்லுக் கதைச்சிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். வைது தீர்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை நானும் போனேன், யோகன் வேண்டாம் என்றும் நான் கேட்கவில்லை. தாரைச் சுரண்டினால் அடியில் இடத்துக்கிடம் ஈரமும் துருவும். தார் பூசினது பிழை, உப்பை உள்ளே வைத்து மூடிவிட்டது என்று பிரையன் யோகனுக்குச் சொன்னான். யோகன் அதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் சொன்னது சரியென்று உலகத்தில் ஒருவன் சொன்ன நாள் அது. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு முகம் இல்லை. உக்கின துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புது இரும்பு வைத்து வெல்டிங் செய்தான். முடிந்தபின் சுத்தியலை எடுத்து ஒட்டின இடத்தில் தட்டிவிட்டு, என்ன சொல்லுகிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தான். கிண் என்றது. தலையை ஆட்டினேன்.

பிறகு ஒரு தகரத்தில் மஞ்சளாய், பசையாய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். செம்மறி மயிரில் இருந்து எடுக்கிற கொழுப்பாம். இங்கே பண்ணைக்காரர் உழவு மெசினுக்கெல்லாம் இதைத்தான் பூசுவார்களாம், உள்ளுக்கு ஊறிப் பிடிக்குமாம். ஆட்டுக் கிடையின் வீச்சம். வெள்ளி, செவ்வாய் மச்சம் மாமிசம் தொடாதவள் நான். அன்றைக்குச் சனிக்கிழமை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையை முழங்கைவரை அந்தக் கொழுப்பில் தோய்த்து, நான் உப்பு வைத்த அதே ஓட்டைக்குள் விட்டு, எட்டின மட்டும் பூசினேன். யோகன் மறிக்கவில்லை, தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை விடிய யூட் துறைமுகத்துக்குப் போனது.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம், வேலை முடிந்து வந்து அவன் யூட்டை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவான். போகிறபோது தண்ணியைத் திறந்து, றப்பர்க் குழாயை என் இடது கையில் தருவான். அடிப்பக்கம் முழுதும் குனிந்து குனிந்து நானே கழுவுகிறேன். வலது கையில் கல்லுப்பு, இறுக்கிப் பொத்தினபடி. அதை அவன் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறான். கழுவி முடித்து, ஒரு பரலும் சிந்தாமல் யூட்டை மூன்றுதரம் சுற்றி வருகிறேன். ஊரில் என்றால் அடுப்புக்குள் போடுவேன், படபடவென்று வெடிக்கும், நாவூறு போயிற்று என்று தெரியும். இங்கே மின்சார அடுப்பில் எங்கே போடுவது? கையை விரித்தால் பாதி பரலாக இருக்கும், பாதி தண்ணீராகியிருக்கும். பரலைப் போத்தலில் திருப்பிப் போடக்கூடாது, அது நாவூறு கழித்த உப்பு. தண்ணீரை அங்கே உதறவும் பயம், பக்கத்தில் இரும்பு நிற்கிறது. மழை பிடிக்கத் தொடங்கும். நான் கையை வண்டியில் இருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன்.