கிராவல் அடிச்ச மாட்டுக்கொட்டகை

புத்தி சொல்றதுக்குக் காசா பணமா? என் வீட்டுக்காரரோட தம்பி துபாயில உக்காந்துக்கிட்டு, உச்சிப்புளிப் பக்கம் இருக்க எங்க மாட்டுக்கொட்டகைக்குத் தரை எப்படிப் போடணும்னு தெனமும் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாரு. பொறந்ததுல இருந்து ஒருநாள் சாணி அள்ளுன ஆளில்ல.

முன்னாடி அங்கன கெடந்தது சிமெண்டுத் தரை. அதுவும் அவரு யோசனைதான். மூத்திரம் பட்டுப் பட்டு வழுக்கி, சினையா இருந்த பசு காலைப் பரப்பி விழுந்துருச்சு. தலைக்கு மேல ஹெலிகாப்டர் போனாக்கூட நிமிந்து பாக்காத மாடு, அதுக்கப்புறம் கொட்டகையைக் கண்டாலே மிரண்டுச்சு. மாட்டு டாக்டர் வந்து பாத்தாரு.

"இன்னொரு தடவ விழுந்தா கன்னு தங்காதும்மா. சிமெண்டப் பேத்துட்டு, கீழ ஜல்லி, மேல பொடிச் சரளைக்கல்லு பரப்பி இறுக்குங்க. தண்ணியும் வடிஞ்சிரும், காலுக்கும் பிடி கெடைக்கும்"னாரு.

எனக்கு வேற ஒண்ணும் வேணாம், கன்னு உசுரோட பொறக்கணும். அதைக் கொழுந்தன்கிட்டச் சொன்னதுதான் நான் செஞ்ச தப்பு.

"அதத்தான் மதினி நானும் சொல்றேன். கிராவல் ஃப்ளோர்! இங்க குதிரை லாயம் பூராம் அதுதான். நீங்க அலைய வேணாம், டிப்பர்காரன்ட்ட நானே பேசிட்டேன்."

டிப்பர் கொட்டிட்டுப் போனது செம்மண்ணு. ரோட்டோரம் அடிப்பாங்களே, அந்தக் கிராவல். எங்க பக்கம் கிராவல்னு கேட்டா எவனும் அதைத்தான் கொண்டாந்து கொட்டுவான், டிப்பர்காரனைச் சொல்லிக் குத்தமில்ல. இங்கனயே பொறந்து இங்கனயே வளந்த மனுசனுக்கு ஏரோப்ளேன் ஏறுனதும், சரளைக்கல்லுக்குச் சொல்ற இங்கிலீசுக் கிராவல் தெரிஞ்சுபோச்சு, ஊர்க் கிராவல் மறந்துபோச்சு. தூ!

"இது கல்லில்ல, மண்ணு. திருப்பி அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னேன் வீட்டுக்காரர்கிட்ட.

"தம்பி மனசு சங்கடப்படும்டி."

மாடு சங்கடப்பட்டாப் பரவாயில்ல போல. இவரு சிமெண்டப் பேத்த எடத்துல அதைச் செக்கச்செவேர்னு நெரவிவிட்டு, தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்புனாரு. அங்கன இருந்து கட்டைவிரலத் தூக்கிக் காட்டி ஒரு பொம்மை வந்துச்சு. "பாத்தியா, தம்பியே சரின்னுட்டான்"னு எங்கிட்ட நீட்டுறாரு. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்கன போச்சு? அண்ணனும் தம்பியும் ஒரு மண்ணுல செஞ்சதுதான்.

ஐப்பசி மழை பிடிச்சுச்சு. சாரல், சாணி, மூத்திரம் எல்லாம் அந்தச் செம்மண்ணோட சேந்து கொழகொழன்னு ஆயிருச்சு. மாடு குளம்பு புதையப் புதைய நின்னுக்கிட்டே இருந்துச்சு, படுக்க மாட்டேங்குது. மடி இறங்கிருச்சு, கன்னு போடுற நேரம். இவரு நாலு சாக்கைக் கொண்டாந்து விரிச்சாரு. சாக்கு மேல காலை வச்சதும் மாடு சறுக்குச்சு.

கயித்தை அவுத்து மாட்டை இழுத்துக்கிட்டு நேரா கொழுந்தனோட புது வீட்டுக்குப் போனேன். துபாய்க் காசுல கட்டிப் பூட்டிக் கெடக்கு, சாவியெல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்டதான். அவரு வாங்கிப் போட்டிருக்க காரை நிப்பாட்ட, சொரசொரன்னு கல்லு பதிச்ச போர்டிகோ அங்கன இருக்கு.

"காரை வெளிய எடுங்க"ன்னேன், பின்னாலயே ஓடியாந்த வீட்டுக்காரர்கிட்ட.

"எடுத்து? மழையில எங்கனடி விடுறது?"

"கொட்டகையிலதான் எடம் காலியா இருக்குல்ல."

என் மூஞ்சியப் பாத்துட்டுச் சாவிய எடுத்துட்டு வந்தாரு.

வைக்கோலப் பரப்புனதும் மாடு நிம்மதியாப் படுத்துச்சு. அதைப் பாத்து எனக்கு அழுகை வந்துருச்சு. பொழுது சாயக் கன்னு போட்டுச்சு, கெடேரி. நான் அதைத் தொடச்சுக்கிட்டு இருக்கையில கொழுந்தன் வீடியோ கால்ல வந்தாரு.

"என்ன மதினி இது, போர்டிகோவுல மாடு! என் காரு எங்க?"

"உங்க கிராவல் ஃப்ளோர்ல நிக்குது தம்பி. டயரு புதைஞ்சிருச்சு, இப்ப எடுக்க ஏலாது."

கன்னுக்குட்டி ஒருதடவ ஆடிட்டு, நாலு காலையும் அந்தக் கல்லுல ஊணி எந்திரிச்சு நின்னுச்சு.