கீழே பார்க்க அம்மாளாச்சி தந்த கண்

என்னால் கீழே பார்க்க முடியாமல் இருந்தது. அதுதான் என் நோய். அதற்கு எந்த டொக்டரும் பெயர் வைக்கவில்லை, ஏனென்றால் நான் எந்த டொக்டரிடமும் சொல்லவில்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவன் கீழே பார்க்கமாட்டேன் என்றால், அது நீந்தப் பழகுகிறவன் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்பதுபோல. இந்தக் கூத்தோடு ஒன்பது வருடம் வாழ்ந்தேன். எங்கள் அம்மன், அம்மாளாச்சி, அதை ஒரே பிற்பகலில் தீர்த்துவைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் கோயில் வாசலுக்கு வருகிற உங்களுக்காக அதை எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: பூசை முடிந்ததும் கடலைத் தட்டோடு கதவடியில் நிற்கிறவன் நான்தான். லண்டன் பிளேஸ்டோவில் அம்மாவோடு இருக்கிறேன்.

1986. யாழ்ப்பாணம். எனக்குப் பதினேழு வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அம்மா, வதனி அக்கா, நான். குண்டு போடுகிற பொம்மர் வருகிற சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் செய்கிற வேலை ஒன்று இருந்தது. கொடியில் காய்கிற வெள்ளை உடுப்புகளை இழுத்து எடுப்பது. மேலே இருக்கிறவனுக்கு வெள்ளைதான் முதலில் தெரியும் என்று சனம் நம்பியது. உண்மையோ பொய்யோ, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது என் வேலை.

அன்று அம்மா பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கொடியில வெள்ளைச் சீலை கிடக்கு, எடுத்துக்கொண்டு ஓடி வா!"

நான் போகவில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்தே எனக்கு விமானம் என்றால் உயிர். சத்தம் கேட்டால் வெளியே ஓடி வருகிற பிள்ளை நான். அது வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்து திரும்பியது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அது எனக்கு வடிவாக, அழகாகத் தெரிந்தது.

அக்கா என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். "விலகடா, நான் எடுக்கிறன்."

அதுதான் அவருடைய கடைசிச் சொல். குண்டு விழுந்தது. என் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. அம்மாவின் வெள்ளைச் சீலை அக்காவின் கைக்குள்ளேயே இருந்தது. விரலைப் பிரித்து எடுக்க முடியவில்லை, அதோடேயே சுடலைக்குக் கொண்டுபோனோம்.

1988இல் நான் லண்டனுக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து அம்மாவும் வந்து சேர்ந்தார். கவுன்சில் தந்த வீடு கீழ்த்தளம், பின்னால் ஒரு சிறு முற்றம். ஆற்றங்கரை விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால் போகும். ஒவ்வொன்றுக்கும் அம்மா சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு குனிவார். அடுப்பில் கறி கருகினாலும் குனிவார். முற்றத்தில் பழைய குடியிருப்பாளர் கட்டிய கொடி ஒன்று இருந்தது. அதில் அம்மா ஒரு கைலேஞ்சிகூடப் போட்டதில்லை. உடுப்பெல்லாம் வீட்டுக்குள்ளேதான். கதவின் மேல், ஹீற்றரின் மேல், கதிரையின் முதுகில். ஈரச் சீலைகளுக்குள் குனிந்து குனிந்துதான் நான் என் அறைக்குப் போவேன். ஏன் என்று கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருவன் விமானியாக ஆசைப்பட்டால் அவனுக்கு விசர் என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த ஆசை அக்காவோடு சாகவில்லை. சாகாததற்காக என்னை நானே வெறுத்தேன்.

1991இல் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்று கிடைத்தது. கூட வேலை செய்த பொடியன் ஒருவன் விமானம் ஓட்டும் விளையாட்டை நாலு டிஸ்க்கில் கொண்டுவந்து தந்தான். அவனுக்கு அது விளையாட்டு. எனக்கு அது பள்ளிக்கூடம். பிஸ்கற் ரின் மூடி இரண்டையும் கதவுப் பிணைச்சல்களையும் வைத்துக் காலால் மிதிக்கிற பெடல் செய்தேன். பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்து, யன்னல் திரையை இழுத்து மூடி, எஞ்சின் சத்தம் அம்மாவுக்குக் கேட்காமல் ஒலியை நிறுத்திவிட்டு உட்காருவேன். சத்தமே இல்லாத விமானத்தில் மூன்று வருடம் பறந்தேன். மகன் கொம்பியூட்டர் படிக்கிறான் என்று அம்மா மோர்டனில் இருக்கிற சித்தி வரைக்கும் சொல்லிவிட்டார்.

அந்தக் கொம்பியூட்டரில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அதன் தரை. வெறும் பச்சை. வீடு இல்லை, முற்றம் இல்லை, மனிதர் இல்லை. அங்கே எவ்வளவு நேரமும் கீழே பார்க்கலாம். கொம்பியூட்டர்க் கண்ணாடியில் மட்டும் இடது மூலையில் வெள்ளையாக ஒரு சிறு கீறல் இருந்தது. விமானம் திரும்பும்போதெல்லாம் அந்தப் பச்சையில் ஏதோ காய்வதுபோலத் தெரியும். கறுத்த ரேப் என்கிற ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்தேன். பிறகு அந்த ரேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1994இல் எசெக்ஸ் பக்கத்துச் சிறு விமானத் திடல் ஒன்றில் உண்மையான பயிற்சி தொடங்கியது. மாதம் ஒரு வகுப்புத்தான் கட்டுப்படியாகும், மிச்சம் வீட்டில். அம்மாவிடம் கொம்பியூட்டர் வகுப்பு என்றேன். பயிற்சியாளர் டெரிக், அறுபது வயது, வெள்ளைத் தாடி. முதல் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ வீட்டில் பழகியவன், இல்லையா? கைகள் நன்றாக இருக்கின்றன. கண்கள்தான் கருவிகளைவிட்டு அசையவில்லை. விமானம் வெளியேதான் பறக்கிறது, வெளியே பார்" என்றார். பிறகு தொப்பியால் கருவிகளை மூடிவிட்டார்.

அடிவானம் வரைக்கும் பார்த்தேன். அதற்குக் கீழே கண் இறங்கவில்லை. முதல் நாள் ஒரே ஒரு முறை இறங்கியது. கூரைகள் தெரிந்தன. பின் முற்றங்கள் தெரிந்தன. ஒரு முற்றத்தில் அக்கா நின்றார். முகம் தெரியவில்லை. கை மட்டும் கொடியை எட்டிப் பிடித்திருந்தது. மேலே இருக்கிறவன் நான்தான். அந்த இருக்கையில் இப்போது நான் இருக்கிறேன். எனக்குச் சத்தி வந்தது, வாந்தியெடுத்தேன். காலையில் சாப்பிட்ட புட்டைச் சொல்லித் தப்பிக்கொண்டேன்.

அதன்பிறகு ஏமாற்றினேன். இறங்கும்போது நேர் முன்னால் ஓடுபாதையை மட்டும் பார்ப்பேன். வழிப் பயணங்களில் டெரிக் தேவாலயத்தைக் காட்டுவார், குளத்தைக் காட்டுவார். நான் பார்க்காமலேயே "யெஸ்" என்பேன். திசையையும் நேரத்தையும் மட்டும் வைத்து, வீட்டில் செய்தபடியே, சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். அவர் மகிழ்ந்துபோனார். 1995 ஆவணியில், தனியாகப் போய் வா என்று அனுப்பிவிட்டார்.

விமானத்தில் திசை காட்டுகிற கருவிகள் இரண்டு. ஒன்று மேலே கண்ணாடியோடு இருக்கிற காந்த ஊசி. அது எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். மற்றது கீழே பலகையில், உள்ளே பம்பரம் சுழல்கிற கருவி. அது ஆடாது, பார்க்க நல்ல பிள்ளை. ஆனால் மெல்ல மெல்ல விலகும். கால்மணிக்கு ஒருமுறை மேலே உள்ளதைப் பார்த்துக் கீழே உள்ளதைத் திருத்த வேண்டும். என் வீட்டுக் கொம்பியூட்டரில் அது விலகுவதே இல்லை. மூன்று வருடம் விலகாத ஒன்றை எந்தக் கை தேடித் திருத்தும்? பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் டெரிக் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திருத்திவிடுவார். அன்று டெரிக் இல்லை.

திரும்பி வரவேண்டிய நேரத்துக்கு மணிக்கூடு வந்துவிட்டது. திடல் வரவில்லை. எங்கும் வெளிறிய புகார், மூடுபனி. இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன். அரை மணி நேரம் போய்விட்டது. தற்செயலாக மேலே பார்த்தேன். இரண்டு கருவிகளும் இருபது பாகைக்கு மேல் வேறு வேறு சொல்லின. நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. எரியெண்ணெய் அளவு காட்டுகிற முள் இரண்டும் சரிந்து கிடந்தன. பெரிய விமானங்கள் இறங்குகிற பாதை எந்தப் பக்கம் என்பதும் தெரியவில்லை. வானொலியில் கேட்கலாம். "நான் தொலைந்துவிட்டேன்" என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் கட்டாயம் கேட்பார்கள், கீழே என்ன தெரிகிறது என்று. வானொலிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் ஆரோ இருப்பதுபோல இருந்தது. திரும்பவில்லை. ஈரச் சீலை மணத்தது. சத்தியமாக மணத்தது.

அம்மாவை நினைத்தேன். ஒரு பிள்ளையை மேலேயிருந்து விழுந்தது கொண்டுபோனது. மற்றப் பிள்ளை மேலேயிருந்து விழப்போகிறது. கத்தினேன். ஒலியில்லாமல் பழகியவன், அந்த எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். "அம்மாளாச்சி! என்னைக் காப்பாற்று எண்டு கேக்கேல்லை. கீழ பார்க்கக் கண்ணைத் தா. அக்கா அங்கை நிண்டாலும் பாக்கிறன். பார்க்கக் கண்ணைத் தா!"

உருவம் தெரிந்தது, குரல் கேட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். கழுத்துத் தளர்ந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் பிள்ளையின் தலையைத் தாய் திருப்புவதுபோல என் தலை கீழே திரும்பியது.

நேர் கீழே ஒரு பண்ணை வீடு. பின் முற்றத்தில் நீளக் கொடி. கொடி நிறைய வெள்ளைப் பெட்சீற்கள், படுக்கை விரிப்புகள். அதன் நடுவில் ஒரு பெண் நின்றாள். என் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தாள்.

அவள் ஓடவில்லை.

கையிலிருந்த உடுப்பைத் தோளில் போட்டுவிட்டு, எனக்குக் கை காட்டினாள். பிறகு திரும்பி அடுத்த சீற்றைக் கொடியில் விரித்தாள். வெள்ளை. மேலே விமானம் நிற்கிறது, அவள் வெள்ளையை விரிக்கிறாள். நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே இறக்கையைச் சரித்து அவளைச் சுற்றினேன். கண்ணை எடுக்கவில்லை. சீற்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் பறந்தன. காற்று எங்கிருந்து வருகிறது என்று அவைதான் காட்டின.

பொத்தானை அழுத்தினேன். வானொலியில் சொன்னேன். ஒரு பெண்ணின் குரல் நிதானமாகக் கேட்டது: "உனக்குக் கீழே என்ன தெரிகிறது? எல்லாவற்றையும் சொல்." சொன்னேன். ரயில் பாதை ஒன்று வளைகிறது. வளைவில் செங்கல் பாலம். பச்சைக் கூரைக் களஞ்சியம். முக்கோணக் குளம். கொடியில் வெள்ளைச் சீலைகள். கடைசியையும் சொன்னேன், அது வரைபடத்தில் இல்லை என்று தெரிந்தும் சொன்னேன். "நல்லது, பாலத்தைக் கண்டுகொண்டோம்" என்றாள். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள். இருபது நிமிடத்தில் திடல் தெரிந்தது. இறங்கியபின் டெரிக் எண்ணெய்த் தொட்டிக்குள் கோலை விட்டுப் பார்த்தார். கோலின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விமானம் படிப்பதை. யாழ்ப்பாண முற்றத்தில் அன்று நான் ஏன் போகவில்லை என்பதை. அது வடிவாக இருந்ததை. காலில் விழுந்து சொன்னேன். "என்னாலதான் அம்மா அக்கா போனவ."

அம்மா என் தோளைப் பிடித்து எழுப்பினார். பிறகு சொன்னார். "உன்னைக் கூப்பிட்டன், நீ வரேல்லை. அவள் என்ரை பக்கத்திலதான் இருந்தவள். 'அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிக்கிறான், நீ ஓடிப்போய் எடு பிள்ளை' எண்டு நான்தான் அவளை அனுப்பினனான். ஒரு சீலைக்காக. என்ரை சீலைக்காக. ஒன்பது வருசமா நீ அதை எப்ப கேட்கப்போறாய் எண்டு பயந்துகொண்டிருக்கிறன்."

ஒரே வீட்டில், ஒரே ஈர உடுப்புகளுக்கு நடுவே, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து ஒளித்திருந்திருக்கிறோம். அன்று நாங்கள் இருவரும் அழுத அழுகையைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து கதவில் தட்டித்தான் நிறுத்தினாள்.

நேர்த்திக்கடனாக, அடுத்த திருவிழாவில் அங்கப்பிரதட்டை செய்தேன். கோயில் மண்டபத்தில் இடமில்லாமல் கார் நிறுத்துகிற தாரில் உருண்டேன், தூறல் வேறு. முழங்கை உரிந்தது. அடுத்த வருடம் லைசென்ஸ் கிடைத்தது. பெரிய விமானம் ஒன்றும் ஓட்டவில்லை. மாதம் ஒருமுறை இரண்டு இருக்கை விமானத்தில் போவேன், போய் முழுக்க முழுக்கக் கீழேதான் பார்ப்பேன். அக்கா இன்னும் வருகிறார். ஏதோ ஒரு முற்றத்தில் நிற்பார். இப்போது நான் கண்ணை எடுப்பதில்லை. இறக்கையைச் சரித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவேன். வீட்டுக் கொம்பியூட்டரில் ரேப்பை உரித்துவிட்டேன், ஒலியையும் திறந்துவிட்டேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் பார்க்கப் பயந்த ஓர் இடம் இருக்கும். எங்களில் ஆருக்குத்தான் இல்லை? அதை மறைக்க ரேப் தேடாதீர்கள். அம்மாளாச்சியைக் கூப்பிடுங்கள். காப்பாற்று என்று கேட்கத் தைரியம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பார்க்கக் கண்ணைத் தா என்றாவது கேளுங்கள். அவள் தருவாள். எனக்குத் தந்தாள், என்னைவிட அம்மாவுக்கு அதிகமாகத் தந்தாள்.

நான் அழுத அந்த நாளுக்கு அடுத்த ஞாயிறு, சமையலறை யன்னலால் பார்த்தேன். அம்மா முற்றத்தில் நின்றார். அந்தப் பழைய கொடியைத் துணியால் துடைத்துவிட்டு, தன்னுடைய வெள்ளைச் சீலையை நீளமாக விரித்துக்கொண்டிருந்தார். விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. அம்மா கொடியை இறுகப் பிடித்தார். ஆனால் விமானம் போகும்வரை அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.