கண்மேல் ஒட்டிய தோல்

தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தவருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. ஒடிசலான ஆள். லுங்கியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டேதான் பேசுவார். ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொள்வார். அது ஏனென்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

ஒரு மார்ச் மாதப் பகலில் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். உள்ளே அவர் வளர்க்கும் மலைப்பாம்பு.

"அண்ணே, மீ போயிடுச்சு. போன கரண்ட் எப்ப வருமோ தெரியல. உங்க வீட்ல பேட்டரி இருக்குல்ல? ஈரம் விடுற மெஷின் நின்னா பெட்டி காஞ்சிடும். இது தோல் உரிக்கிற நேரம், ஈரம் இருந்தாதான் தானா கழலும்."

மெஷினை மாட்டினேன். பெட்டிக்குள் புகை மாதிரி ஈரம் பரவியது. ஈரம் காட்டும் முள் நாற்பதிலிருந்து ஊர்ந்து ஏறியது. அவர் கைமேல் உட்கார்ந்து, முள்ளையே முறைத்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாம்பின் உடம்பெல்லாம் பழைய தோல் கழன்றுவிட்டது. வலது கண்மேல் மட்டும் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே கை துறுதுறுத்தது.

"இவ்வளவு எதுக்கு? நகத்தால லேசா எடுத்துவிடலாமே?"

அவர் எழுந்து பெட்டியை மறுபக்கம் திருப்பினார். இடது கண் இருந்த இடத்தில் வெறும் குழி.

"போன வருஷம் அப்படித்தான் எடுத்தேன்."

முள் எழுபதைத் தொடும்வரை நானும் என் கைகள்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.